ஒரு வரி, ஒரு மரம்

தம்பிதுரையின் தோட்டத்தில் வாடல் நோய் கண்ட தென்னை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கேட்டுக்குப் பக்கத்தில் நின்ற மரம். மட்டைகள் மஞ்சளாகி மடங்கித் தொங்க ஆரம்பித்து ஒரு வருடமாகியும் தேறாததால், யாரும் சொல்லாமலே அதை வெட்டி, தூரைத் தோண்டி, அங்கேயே போட்டு எரித்துவிட்டார். சாம்பல் ஆறுவதற்குள் நோட்டீஸ் வந்தது. அனுப்பியது கோயம்புத்தூரில் உள்ள தென்னை நலத் தரவு மையம். ‘தங்கள் தோட்டத்தில் உள்ள நோயுற்ற பன்னிரண்டு மரங்களில் ஒன்றை அகற்றியமைக்குப் பாராட்டுகள். மீதமுள்ள பதினொரு மரங்களை இம்மாத இறுதிக்குள் அகற்றவும். தவறினால் மையமே அகற்றும்.’

நின்றுகொண்டே படித்தார். பிறகு நடந்துகொண்டே படித்தார்.

“உக்காந்து படிச்சா எழுத்து ஓடியா போயிரும்?” என்றாள் சாந்தாமணி. அவர் மனைவி.

“இன்னும் பதினொண்ணு பாக்கியாமா.”

“எது?”

“அதைத்தான் தேடறேன்.”

கிணத்துக்கடவுக்கு மேற்கே ரோட்டை ஒட்டிய தோட்டம். காய்ப்பில் இருந்த மரங்கள் நாற்பதுதான். அதில் பதினொன்று போனால் வருடத்தில் மூன்று மாதத்துக்கு அடுப்பு எரியாது என்று அர்த்தம். அவர் ஒவ்வொரு மரமாக அண்ணாந்து பார்த்தபடி போனார். கழுத்து வலித்தது. எல்லா மட்டையும் விறைப்பாக நின்றது. சாந்தாமணி பின்னாலேயே வந்தாள்.

“ஏனுங்க, நோவு இருக்கோணும்னு தேடறீங்களா, இருக்கக்கூடாதுன்னு தேடறீங்களா?”

அவர் மறுபடியும் முதல் மரத்திலிருந்து ஆரம்பித்தார்.

இந்தப் பன்னிரண்டு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள, மையத்தின் களப் பணியாளர் கதிர்வேலைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் மாதம் ஒரு முறை ஒவ்வொரு தோட்டத்துக்கும் போய் மரம் மரமாகப் பார்க்க வேண்டும் என்பது விதி. கதிர்வேலுக்குப் பாம்பென்றால் பயம். அதனால் தம்பிதுரையின் கேட்டுக்குப் பக்கத்தில், அந்த நோய் கண்ட மரத்தின் அடியில் கிடந்த கல்லோடு அவருடைய ஆய்வு முடிந்துவிடும். தம்பிதுரை ஓர் இளநீரைச் சீவிக் கொடுப்பார். கதிர்வேல் குடித்துக்கொண்டே அண்ணாந்து பார்ப்பார். கண்ணில் படுவது அந்த ஒரு மரம்தான். அதன் எண், உயரம், வயது, நோய் உண்டு என்பதையெல்லாம் மடியில் இருக்கும் டேப்லெட்டில் தட்டுவார்.

“எளநி தேனாட்ட இருக்குதுங்க.”

“அடுத்த மாசமும் வாங்க.”

வந்தார். ஒரு மாதமும் தவறாமல் வந்தார். மரம் எரிந்த அன்றும் புகையைப் பார்த்து வண்டியை நிறுத்தி, ‘ஒன்று அகற்றப்பட்டது’ என்று தட்டிவிட்டுப் போனார்.

வேலிக்கு அந்தப் பக்கம் மோகன்குமாரின் தோட்டம். அங்கே பாதி மரங்கள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றன. ஆனால் மோகன்குமாரிடம் அவிழ்த்து விட்ட நாய் ஒன்றும், அதைவிட நன்றாகக் குரைக்கும் வாய் ஒன்றும் இருந்தன. கதிர்வேல் அங்கே பிப்ரவரியில் ஒரு முறை போனதோடு சரி. தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை என்று பல இடங்களில் சொல்லிக்கொண்டிருந்தார்.

தம்பிதுரை நோட்டீஸை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உக்கடம் பஸ்ஸில் ஏறினார். உட்கார இடம் இருந்தது. உட்காரவில்லை.

மையம் அவிநாசி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, மூன்று மாடிக் கட்டடத்தின் உச்சியில் இருந்தது. ஒரே ஒரு நடைபாதை. அதன் ஒரு கோடியில் நீளப் பிரிவு, மறு கோடியில் அகலப் பிரிவு. நடுவில் மக்கள். நீளப் பிரிவைப் பார்க்க வந்தவர்கள் ஒருவர் பின்னால் ஒருவராக நிற்க வேண்டும். அகலப் பிரிவைப் பார்க்க வந்தவர்கள் தோளோடு தோளாகப் பக்கவாட்டில் நிற்க வேண்டும். நடைபாதை நான்கு பேர் அகலம்தான். ஐந்தாவது ஆள் மாடிப்படியில் நின்றார். மணி அடிக்கும்போதெல்லாம் காவலாளி வந்து, “நீளம் முடிஞ்சுதுங்க, எல்லாரும் அகலமா நில்லுங்க” என்பார். கைக்குழந்தைக்காரர்கள், கைத்தடிக்காரர்கள் எல்லோரும் திரும்பி நிற்பார்கள்.

வெள்ளகோவிலிலிருந்து வந்திருந்த ஒரு பெண் தம்பிதுரையிடம் சொன்னாள்: “போன வாரம் நீளமா நின்னனுங்ணா. இந்த வாரம் அகலமா நிக்கறேன். எடம் மாறலை, மொகம் மட்டும் திரும்பிருச்சு.”

“வேலை ஆச்சுங்களா அம்மணி?”

“நிக்கறது நல்லா வருதுங்க இப்ப.”

நீளப் பிரிவின் தலைவர் நவநீத். முப்பது வயது இருக்கும். பெங்களூரில் ஒரு கம்பெனியில் இருந்துவிட்டு, ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று வந்தவர். அவர் தலைக்கு மேல் சுவரில் பெரிய எழுத்தில் ‘ஒரு வரி, ஒரு மரம்’ என்று எழுதியிருந்தது.

“உக்காருங்கய்யா. உங்க மரத்தைக் காட்டறேன்.” திரையைத் திருப்பினார். “இதுதான் கதிர்வேல் அனுப்பின ஷீட். ஒரே வரி. அதுல ஜனவரி, பிப்ரவரின்னு டிசம்பர் வரைக்கும் பன்னெண்டு கட்டம் பக்கத்துல பக்கத்துலயா படுத்துக் கெடக்குது பாத்தீங்களா? இப்படிப் படுத்துக் கெடந்தா கம்ப்யூட்டருக்குப் புடிக்காதுங்க. அதனால நாங்க பன்னெண்டையும் எழுப்பி, ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா நிக்க வெச்சர்றோம். அன்பிவட்னு பேரு.”

“நிக்க வெச்சா என்ன ஆகுதுங்க?”

“பன்னெண்டு வரி ஆகுது.”

“சரிங்க.”

“ஒரு வரி, ஒரு மரம்.” விரலை மட்டும் உயர்த்திச் சுவரைக் காட்டினார். “அவ்வளவுதான்.”

தம்பிதுரை கொஞ்ச நேரம் திரையையும் சுவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். “ஏனுங்க தம்பி, அவரு வந்தது பன்னெண்டு தடவைங்க. மரம் ஒண்ணுதானுங்க. இப்ப நான் இங்க ஒரு தடவை வந்தாலும் பத்துத் தடவை வந்தாலும் நான் ஒருத்தன்தானுங்களே?”

“அப்படி நீங்க நெனைச்சுக்கறீங்க.” நவநீத் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. “எல்லாருமே இதைத்தான் சொல்றாங்கய்யா. நான் வர்றதுக்கு முன்னால இங்க ஒரு மரத்துக்கு ஒரு வரிதான் இருந்துது. படுத்துக்கிட்டு. மேல ஒருத்தர்கூட எங்க ஃபைலைத் திறந்து பாத்ததில்லை. நான் வந்து எல்லாத்தையும் எழுப்பி நிக்க வெச்சேன். இப்பப் பாருங்க, தனி மாடி, தனி ஜெனரேட்டர். டெல்லியிலிருந்து வந்து போட்டோ எடுத்துட்டுப் போனாங்க. நோய் அப்படியேதான் இருக்குது. ஆனா இப்பத்தான் அதுக்கு ஒரு மரியாதை வந்திருக்குது.”

“எங்க பக்கத்துத் தோட்டத்துல பாதி மரம் தொங்கிருச்சுங்க. மோகன்குமாருன்னு பேரு. அவருக்கு எத்தனை வரிங்க?”

நவநீத் தட்டிப் பார்த்தார். “ஒண்ணு. பிப்ரவரி. மத்த பதினொரு கட்டமும் காலி. காலிக் கட்டத்தை எங்க முறை தானாவே தூக்கிப்போட்டுரும். அதுதான் இதுல அழகே.”

“தூக்கிப்போட்டா?”

“அந்த மாசம் அங்க மரமே இல்லை.”

“அப்ப நானும் காலியா இருந்திருந்தா…”

“நீங்களே இருந்திருக்க மாட்டீங்க” என்றார் நவநீத் பெருமையாக. “அவ்வளவு சுத்தமான முறைங்க.”

தம்பிதுரை எழுந்து நின்றார். நோட்டீஸை ரத்து செய்ய வழி இருக்கிறதா என்று கேட்டார். மறுபடி ஒரே மரமாக்க வேண்டுமானால் அகலப் பிரிவுக்குத்தான் போக வேண்டும் என்றார் நவநீத். நீளப் பிரிவு காலையில் எழுப்பி நிற்க வைத்ததை அகலப் பிரிவு மாலையில் படுக்க வைக்கும். அதற்குப் பிவட் என்று பெயர். மறுநாள் காலையில் நீளப் பிரிவு மறுபடி எழுப்பும். இரண்டு பிரிவும் சென்ற ஆண்டு இலக்கை முழுமையாக எட்டியிருந்தன.

“எதுக்குங்க எழுப்பறதும் படுக்க வெக்கறதும்?”

“அவங்களுக்கும் வேலை இருக்கோணுமில்லீங்களா.”

மணி அடித்தது. தம்பிதுரை நடைபாதையில் அகலமாக நின்றார். சுவருக்கும் ஒரு பருத்த மனிதருக்கும் நடுவில் மதியம் வரை நின்றார்.

அகலப் பிரிவின் தலைவர் வேங்கடசாமி மே மாதம் ஓய்வு பெறப் போகிறவர். மேஜையில் அதற்கு நாள் எண்ணும் காலண்டர் இருந்தது. நோட்டீஸைப் படித்துவிட்டு உச்சுக் கொட்டினார்.

“அந்தத் தம்பி வேலைங்களா இது? எதைப் பாத்தாலும் எழுப்பி நிக்க வெச்சுப்போடும். கவலையை விடுங்க. நம்ம படுக்க வெச்சரலாம்.” கம்ப்யூட்டரின் சுட்டியைப் பிடித்து எதையோ இழுத்துப் போட்டார். “முடிஞ்சுது. ஒரே மரம்.”

தம்பிதுரை அன்று முதல்முறையாக நாற்காலியில் முழுதாக உட்கார்ந்தார். “ரொம்ப நன்றிங்க. அப்ப அந்தப் பதினொண்ணு…”

“இல்லவே இல்லை. உங்களுது ஒரே மரம். ஐநூத்தி நாப்பது அடி.”

“எதுங்க?”

“மரத்தோட உயரம்.”

“நாப்பத்தஞ்சு அடிதானுங்களே.”

“ஒவ்வொரு மாசமும் நாப்பத்தஞ்சுன்னு போட்டிருக்கறாரு. பன்னெண்டையும் ஒண்ணாப் படுக்க வெச்சா எல்லாம் கூடிக்குங்க. வயசும் அப்படித்தான். முப்பது முப்பதாச் சேந்து முன்னூத்தி அறுவது வருசம்.”

“கூட்டாம வெக்க முடியாதுங்களா?”

“நான் எங்கீங்க கூட்டறேன்? அது தானாக் கூட்டுது.” வேங்கடசாமி குரலைத் தாழ்த்தினார். “மாத்தலாம். ஒரு தட்டு தட்டினாப் போதும். ஆனா மாத்தினா இத்தனை வருசமா அனுப்பினதெல்லாம் தப்புன்னு ஆயிரும். மே மாசம் போறவன் எதுக்குங்க அதைப் பண்ணோணும்? நான் சர்வீஸ்ல ஒரு தப்பும் பண்ணலை. பண்ணலைன்னா, எதையும் மாத்தலைன்னு அர்த்தம்.”

பிறகு உற்சாகமாக ஒரு சுற்றறிக்கையை எடுத்தார். நூறு வருடத்துக்கு மேற்பட்ட மரம் தொன்மை மரம். அதைச் சுற்றி வேலி போட்டு, பலகை வைத்துப் பாதுகாக்க வேண்டும். இவ்வளவு உயரத்துக்கு விமான நிலையத்திலிருந்து தடையில்லாச் சான்றும் வேண்டும், உச்சியில் சிவப்பு விளக்கும் எரிய வேண்டும். “விளக்குக்கு மானியம் இருக்குதுங்க. மரத்தைப் பத்திரமாப் பாத்துக்கங்க.”

“அதை வெட்டிப்போட்டனுங்க.”

“எதை?”

“அந்த மரத்தைத்தானுங்க. எரிச்சும்போட்டேன்.”

வேங்கடசாமி பேனாவைக் கீழே வைத்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து, நாற்காலியைத் தம்பிதுரைக்கு அருகில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“இதை யாருகிட்டயும் சொல்லீராதீங்க” என்றார் உண்மையான கரிசனத்தோடு. “முன்னூத்தி அறுவது வருசத்து மரத்தை அனுமதி இல்லாம வெட்டினா உள்ள வெச்சுருவாங்க. குடும்பஸ்தரு நீங்க. நான் சொல்றதைக் கேளுங்க. பேசாமப் பன்னெண்டு மரத்துக்காரராவே இருந்துக்கங்க. பதினொரு மரத்தோட போயிரும்.”

சுட்டியை இழுத்து, படுக்க வைத்த மரத்தை அவரே திரும்ப எழுப்பி நிற்க வைத்தார். அது அவர் பிரிவின் வேலை இல்லை. ஒரு மனிதருக்கு உதவியாகச் செய்தார்.

பஸ்ஸில் திரும்பும்போது தம்பிதுரை ஜன்னல் வழியாக ரோட்டோரத் தென்னைகளையே பார்த்துக்கொண்டு வந்தார். ஒவ்வொன்றும் ஒன்றாகத்தான் தெரிந்தது. கண்ணை நம்புவதா என்று யோசித்தார்.

மாதக் கடைசிக்கு முந்தைய வாரம் பொள்ளாச்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில் மையத்தின் குறைதீர் நாள் நடந்தது. தம்பிதுரை மனுவோடு போனார். மனுவைச் சாந்தாமணிதான் எழுதியிருந்தாள். ஐந்து பத்தி. வணக்கம் ஒரு பத்தி, தாங்கள் யார் என்பது ஒரு பத்தி, மரத்தை வெட்டி எரித்துவிட்டோம் என்பது ஒரு பத்தி, நோட்டீஸை ரத்து செய்ய வேண்டும் என்பது ஒரு பத்தி, நன்றி ஒரு பத்தி. மேஜையில் இருந்தவர்கள் அதை வாங்கி டைப் செய்தார்கள்.

மேடையில் மையத்தின் இயக்குநர் பேசினார். பட்டுச்சேலை, காகிதம் இல்லாத பேச்சு.

“சென்ற ஆண்டு வரை நம் பகுதியில் சில நூறு நோயுற்ற மரங்கள்தான் இருக்கின்றன என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது சோம்பேறிகளின் கணக்கு. இன்று நம் மையத்தின் உழைப்பால் அது பல ஆயிரம் ஆகியிருக்கிறது. இந்த வளர்ச்சிக்காக நாம் ஒரு மரத்தைக்கூட நேரில் போய்ப் பார்க்கவில்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். நோய் கூடிவிட்டதே என்று சிலர் வருத்தப்படுகிறார்கள். நோய் குறைந்துவிட்டால் இந்த மையம் எதற்கு, நாம் எதற்கு என்று அவர்கள் ஒரு நிமிடமாவது யோசித்துப் பார்த்தார்களா? சென்ற ஆண்டு ஒரு விவசாயி என்னிடம் வந்து, அம்மா, என் தோட்டத்தில் இத்தனை மரம் இருப்பதே உங்கள் நோட்டீஸ் வந்துதான் எனக்குத் தெரியும் என்று கண்கலங்கினார். அந்தக் கண்ணீர்தான் எனக்குச் சம்பளம். அரசு தருவது தனி.”

கை தட்டினார்கள். தம்பிதுரைக்குப் பின்னால் ஒருவர், “சாப்பாடு பந்திங்களா, பொட்டலங்களா?” என்று கேட்டார்.

தம்பிதுரையின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவருடைய மனுவை நீளப் பிரிவு எழுப்பி நிற்க வைத்திருந்தது. ஐந்து பத்தி, ஐந்து மனு. வணக்கம் என்ற மனு ஏற்கப்பட்டது. முகவரி குறித்த மனு சரிபார்க்கப்பட்டது. மரத்தை வெட்டிய மனு பாராட்டப்பட்டது. நன்றி என்ற மனு மகிழ்ச்சியோடு ஏற்கப்பட்டது. ரத்து செய்யக் கோரும் மனு மட்டும் பரிசீலனையில் இருந்தது.

“அஞ்சுல நாலு தீந்துருச்சுங்க” என்றார் நவநீத் மைக்கில். “எண்பது சதவீதம். இன்னைக்கு வந்தவங்கள்ல இவருதான் முதலிடம்.”

இயக்குநர் அவருக்குச் சால்வை போர்த்தினார். படம் எடுத்தார்கள். படத்தில் தம்பிதுரை பக்கவாட்டில், வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாதக் கடைசி நாள் காலையில் கேட்டில் ஒரு டிராக்டர் வந்து நின்றது. ரம்பத்தோடு ஐந்து பேர் இறங்கினார்கள். அவர்களுக்குத் தலைவர் சாமுவேல், மரம் வெட்டும் ஒப்பந்தக்காரர். பின்னாலேயே பைக்கில் கதிர்வேல். தம்பிதுரை அவருக்கு ஓர் இளநீரைச் சீவிக் கொடுத்தார். கொடுத்த பிறகுதான் யாருக்குக் கொடுத்தோம் என்று யோசித்தார். கதிர்வேல் வாங்கி, பழைய கல்லில் உட்கார்ந்தார். நிழல் தந்த மரம் இல்லாததால் வெயில் நேராகத் தலையில் விழுந்தது. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

“எந்தப் பதினொண்ணுங்க?” என்று தம்பிதுரையைக் கேட்டார்.

“நீங்கதானுங்க சொல்லோணும். நோட்டீஸ்ல நம்பர் இருக்குமில்ல?”

“இருக்குதுங்க. பதினொண்ணுக்கும் ஒரே நம்பருதான். அதைத்தான் எரிச்சுப்போட்டீங்களே.”

“அப்புறம்?”

கதிர்வேல் டேப்லெட்டைத் தேய்த்துப் பார்த்தார். “‘அத்தகைய நேர்வுகளில் விவசாயியின் விருப்பப்படி’ன்னு போட்டிருக்குதுங்க. உங்களுக்குப் புடிச்ச பதினொண்ணைக் கை காட்டுங்க. உங்களை யாரும் வற்புறுத்தலை.”

தம்பிதுரை தோட்டத்துக்குள் போனார். சாமுவேலும் ரம்பத்தைத் தோளில் வைத்துக்கொண்டு பின்னால் போனார். தம்பிதுரை ஒரு மரத்தின் முன் நிற்பார், கையைத் தூக்குவார், இறக்குவார், அடுத்ததற்குப் போவார். இது வெயில் ஏறும் வரை நடந்தது.

“அண்ணா, எனக்கு மதியத்துக்கு மேல காரமடையில வேலை இருக்குது” என்றார் சாமுவேல். “நல்ல மரமோ கெட்ட மரமோ, எனக்கு எண்ணிக்கை வந்தாச் சரி. நான் வேணா கண்ணை மூடிட்டு வெட்டட்டுமா?”

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்பு கேட்டது. மோகன்குமார் வேலிக்கல் மேல் கையை ஊன்றி நின்றுகொண்டிருந்தார்.

“ஏப்பா, வெட்டற கூட்டமே! இங்க வாங்கப்பா. நாப்பது மரம் செத்து நிக்குது. ரெண்டு வருசமா எழுதிப் போடறேன், ஒருத்தனும் வர மாட்டீங்கறான். அங்க நல்லா நிக்கற மரத்துக்கு ஊர்வலமா வந்திருக்கறீங்க.”

“உங்களுக்கு ஒண்ணே ஒண்ணுதானுங்க” என்றார் கதிர்வேல்.

“கண்ணு தெரியலையா உனக்கு? அண்ணாந்து பாரு.”

“பாத்தா என்னங்க பண்றது? உங்களுக்கு ஒரே வரிதானே.”

“அந்த நாயை அன்னைக்குக் கட்டிப்போட்டிருக்கோணும்” என்றார் மோகன்குமார், தனக்குத்தானே.

சாமுவேல் இரண்டு தோட்டத்தையும் பார்த்தார். பிறகு கதிர்வேலைப் பார்த்தார். “சார், படம் எங்க எடுக்கோணும்?”

“கேட்டுக்கிட்ட. இவரு பேர்ப்பலகை தெரியோணும். மரம் தலையோட முழுசா இருக்கோணும்.”

“மரம் எங்க மொளைச்சுதுன்னு படத்துல தெரியுமா?”

கதிர்வேல் காலி இளநீரை ஒருமுறை உறிஞ்சிப் பார்த்தார். மோகன்குமார் வேலிக் கம்பியை அவிழ்க்க ஆரம்பித்துவிட்டார்.

ரம்பம் மதியம் வரை மோகன்குமாரின் தோட்டத்தில் ஓடியது. விழுந்த மரங்களைச் சங்கிலி கட்டி டிராக்டரில் இழுத்து, வேலிச் சந்து வழியாகக் கொண்டுவந்து, தம்பிதுரையின் கேட்டுக்குப் பக்கத்தில் வரிசையாகப் போட்டார்கள். மஞ்சள் மட்டைகள் மண்ணைப் பெருக்கிக்கொண்டு வந்தன. சாந்தாமணி வீட்டிலிருந்து ஓடி வந்தாள்.

“ஏனுங்க, நோவு புடிச்ச மட்டையை எதுக்கு நம்ம தோட்டத்துக்குள்ள இழுத்துப் போடறீங்க? நோவைப் பரப்பற பூச்சி அதுலதானே இருக்குது? நம்ம மரத்துக்கு ஏறாதா?”

“ஒரு படந்தானுங்கக்கா” என்றார் கதிர்வேல். “எடுத்ததும் அள்ளிப்போட்டுரலாம்.”

தம்பிதுரை அண்ணாந்து பார்த்தார். தன் மரங்கள் நிற்கின்றன என்பது மட்டும்தான் அப்போது அவருக்குத் தெரிந்தது. கதிர்வேல் பேர்ப்பலகை தெரியப் படம் எடுத்தார். சாமுவேல் கையெழுத்து வாங்கிக்கொண்டு காரமடைக்குப் போனார். மோகன்குமார் வேலி வழியாகக் கை குலுக்கினார். தெரிந்த நாளிலிருந்து அதுதான் முதல் தடவை.

படம் மேலே ஏறவில்லை. மையத்தின் சர்வர் வேலை செய்யவில்லை. ஏறும் வரை மரங்களை அசைக்கக் கூடாது, மறுபடி படம் எடுக்க வேண்டியிருக்கலாம் என்று உத்தரவு வந்தது. மரங்கள் கிடந்தன. மட்டைகள் காய்ந்து, அதில் இருந்தவை எல்லாம் வேறு பச்சை தேடிப் போகும் வரை கிடந்தன. சர்வர் சரியான நாளில் நவநீத் போன் செய்து வாழ்த்தினார். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு, கோப்பு முடிந்தது என்றார்.

அதன் பிறகு கதிர்வேல் தேர்தல் வேலைக்குப் போய்விட்டார். மாதக்கணக்கில் ஆளே வரவில்லை.

ஐப்பசி மழை முடிந்து வெயில் வந்தபோது கேட்டை ஒட்டிய மரத்தில் ஒரு மட்டை மடங்கியது. பக்கத்து மரத்தில் இன்னொன்று. தம்பிதுரை மையத்துக்கு எழுதிப் போடவில்லை. யாரையும் கூப்பிடவில்லை. கோடாலியை எடுத்துக்கொண்டு போய், மடங்கிய மரத்தையெல்லாம் அவரே வெட்டி எரித்தார். எத்தனை என்று எண்ணவில்லை. எண்ணினால் யாராவது எழுதிக்கொள்வார்கள். ராத்திரி படுத்தால் தூக்கம் பிடிக்காமல் புரண்டார். பகலில் ஓர் இடத்தில் நிற்காமல் அண்ணாந்தபடி நடந்துகொண்டே இருந்தார். நின்ற மரங்களைக் காப்பாற்ற ஒரே வழி, அவர் தோட்டத்தைப் பற்றி எங்கேயும் எதுவும் எழுதப்படாமல் பார்த்துக்கொள்வதுதான். காலிக் கட்டத்தைக் கம்ப்யூட்டர் தானாகவே தூக்கிப்போட்டுவிடும் என்று அந்த நவநீத் பையன் சொல்லியிருந்தான்.

வேலிக்கு அந்தப் பக்கம் மோகன்குமார் வேறு கணக்கில் இருந்தார். நாயைப் பல்லடத்தில் ஓர் உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். கேட்டில் புதிதாக ஒரு சிமெண்ட் பெஞ்சு, அதற்கு மேல் தகரக் கூரை. இன்னும் இருபத்தொன்பது மரம் வெட்ட வேண்டியிருந்தது.

“அந்தக் கதிர்வேலு மாசம் ஒரு தடவை வந்தாப் பன்னெண்டுதான் ஆகும்” என்றார் தம்பிதுரையிடம். “எனக்குப் பத்தாது. மாசத்துக்கு மூணு கட்டம் போடச் சொல்லி மனுக் குடுத்திருக்கறேன். நவநீத் சார் நல்ல யோசனைன்னு சொல்லியிருக்கறாரு.”

தை மாதம் ஒரு காலையில் பைக் சத்தம் கேட்டது. தம்பிதுரை கேட்டுக்குள் காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்தை அவர் கை முதலில் அடையாளம் கண்டுகொண்டது. கதிர்வேல் வண்டியை நிறுத்தி ஸ்டாண்டு போடுவதற்குள் ஓர் இளநீர் சீவி முடிந்திருந்தது. அதைப் பார்த்த தம்பிதுரை சட்டென்று கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

“என்னங்கண்ணா, சௌக்கியங்களா?” கதிர்வேல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே வாங்க என்று சொல்வதற்காகக் காத்திருந்தார்.

தம்பிதுரை சொல்லவில்லை.

கதிர்வேலின் பார்வை வெட்டிய இடங்களில் இருந்த கரித்திட்டுகள் மேல் போனது. பிறகு மேலே, குலை குலையாகத் தொங்கிய இளநீர்களுக்குப் போனது. “நோவு ஏதாச்சும் இருக்குதுங்களா?”

“இல்லீங்க.”

“இதென்னங்க கரி?”

“சருகு எரிச்சது.”

“உள்ள வந்து ஒரு பார்வை பாத்துரட்டுங்களா?”

“பாம்பு இருக்குதுங்க.”

கதிர்வேல் கேட்டிலிருந்து கையை எடுத்தார். டேப்லெட்டைத் திறந்தார், தம்பிதுரையைப் பார்த்தார், எதையும் தட்டாமல் மூடினார். தம்பிதுரை முதுகுக்குப் பின்னால் பிடித்திருந்த இளநீர் கனத்தது. தண்ணீர் தளும்பி விரல் வழியாக வேட்டியில் ஒழுகியது.

வண்டி கிளம்பி அடுத்த கேட்டில் நின்றது. “வாங்க, வாங்க, வாங்க” என்று மோகன்குமாரின் குரல் கேட்டது. “எத்தனை நாளாச்சு பாத்து. உக்காருங்க. டேய், ஒரு எளநி வெட்டு. ரெண்டா வெட்டு.”

சாந்தாமணி பின்னால் வந்து நின்றாள். அவள் எல்லாவற்றையும் பார்த்திருந்தாள்.

“ஊட்டு வாசலுக்கு வந்த மனுசனை ஒரு வார்த்தை வாங்கன்னு கேக்கலை நீங்க.”

“கேட்டா வந்துருவாரு.”

“வந்தா?”

தம்பிதுரை கையிலிருந்த இளநீரை அவளிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை. அவருக்கும் குடிக்கப் பிடிக்கவில்லை. மாட்டுத் தொட்டியில் ஊற்றிவிட்டு, கேட்டுக்குப் பக்கத்தில் கிடந்த அந்தக் கல்லைப் புரட்டிப் புரட்டி, யாரும் உட்கார முடியாத இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார்.